எட்டாம் வகுப்பில் ஃபவுண்டேஷன் பேட்ச்: தொடரட்டுமா, எடுத்துவிடலாமா?

கேட்டவர் வேளச்சேரியில் இருக்கும் ஓர் அம்மா. மகன் சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஏழாவது முடிந்ததும் பள்ளியிலேயே ஒரு தேர்வு வைத்து, தேறிய பிள்ளைகளைத் தனி செக்‌ஷனாக்கி, ஐஐடி நுழைவுத்தேர்வுக்கு அடித்தளம் என்று ஒன்பது பத்தாம் வகுப்புக் கணக்கை இப்போதே நடத்துகிறார்கள். இதைத்தான் ஃபவுண்டேஷன் பேட்ச் என்கிறார்கள். போன வருடம் வரை கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கினவன், இப்போது வாராந்திர டெஸ்டில் நூற்றுக்கு 35, 40. சனிக்கிழமை டெஸ்ட் என்றால் காலையிலேயே வயிற்றுவலி. வகுப்பு ஆசிரியை “நார்மல் செக்‌ஷனுக்கு மாத்திடலாம்” என்கிறார். கணவர் “இப்ப விட்டா ஐஐடி கனவு அவ்வளவுதான்” என்கிறார். பையனோ “மாத்தாதீங்கம்மா, எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க” என்கிறான். என்ன செய்வது?

ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை கணக்கு எடுப்பவள் நான். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு வந்துவிடும். என் பதிலின் சுருக்கம் இதுதான்: உங்கள் மகன் அந்த வகுப்பில் வாங்கும் மார்க்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்கு அவன் கையில் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று பாருங்கள். அது உறுதியாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும். இல்லையென்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். ஏனென்றால் இந்த பேட்சில் முன்கூட்டியே கிடைப்பது எல்லாம் ஒன்பதிலும் பத்திலும் எப்படியும் திரும்ப வரப்போகிற பாடம். ஆறு, ஏழாவது பாடத்தை அவனுக்கு யாரும் திரும்ப நடத்தப்போவதில்லை.

மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. 35 என்பது தனியாக எதையும் சொல்லாது. இந்த டெஸ்டுகள் பெரும்பாலும் சரியான விடையின் வட்டத்தை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில், தப்பு விடைக்கு மார்க்கைக் கழிக்கும் நெகட்டிவ் மார்க்கோடு நடக்கும். பேட்சில் பாதிப் பேர் 45க்குக் கீழே இருந்தால் 38 வாங்கிய பையன் சராசரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான். பாதிப் பேர் 70க்கு மேலே என்றால் கதையே வேறு. பள்ளியில் ரேங்க் கேட்காதீர்கள், அதை அவர்கள் கேட்காமலே தருவார்கள். “பேட்சில் நடுவில் இருக்கும் பிள்ளையின் மார்க் என்ன?” என்று கேளுங்கள். கூடவே, தப்பான விடைகளுக்குப் போன மார்க் எவ்வளவு, எழுதாமல் விட்டவை எத்தனை என்றும் பாருங்கள். விட்டவை அதிகம் என்றால் நேரம் போதவில்லை, அல்லது பயம். தப்புகள் அதிகம் என்றால் ஊகித்துப் போடுகிறான்.

அடுத்த வேலையை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, டெஸ்ட் என்ற பேச்சே எடுக்காமல் செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நாலைந்து கணக்கு. நான் கொடுப்பவை இவை. முதலில், −3 − (−7) × 2 எவ்வளவு? விடை 11. பிறகு 2(x − 3) − 3(x − 5) = 4 என்றால் x என்ன? விடை 5. மூன்றாவது, முக்கால் லிட்டர் பாலை 1/8 லிட்டர் டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர்? ஆறு. நான்காவது, ஆயிரம் ரூபாய் சட்டைக்குக் கடைக்காரர் முதலில் 20 சதவீதம் விலை ஏற்றிவிட்டு, பிறகு ஆடித் தள்ளுபடி என்று 20 சதவீதம் குறைத்தால், பழைய விலையே வருமா? வராது, 960 ரூபாய்தான் வரும். கடைசியாக ஒரு வயதுக் கணக்கு: அம்மாவின் வயது மகன் வயதைப் போல மூன்று மடங்கு, 12 வருடம் கழித்து இரண்டு மடங்காகத்தான் இருக்கும், இப்போது வயது என்ன? மகனுக்கு 12, அம்மாவுக்கு 36.

விடை சரியா தப்பா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். இரண்டாவது கணக்கில் −3(x − 5) என்பதை −3x − 15 என்று எழுதி x = −25 என்று முடிக்கும் பிள்ளைகளை நான் பதினோராம் வகுப்பில்கூடப் பார்க்கிறேன். அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் மைனஸ் உள்ளே இருக்கும் ஐந்தையும் தொட வேண்டும் என்பது ஏழாவதில் கையில் பதிய வேண்டிய பழக்கம். அது பதியாமல் மேலே போனால், இருபடிச் சமன்பாட்டிலும் தப்பு, ஆயத்தொலை வடிவியலிலும் தப்பு, இயற்பியலிலும் தப்பு. ஒவ்வொரு முறையும் வீட்டில் “கவனக்குறைவு” என்று பெயர் வைத்து விட்டுவிடுகிறோம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் தப்பு கவனக்குறைவு ஆகாது.

இதற்குப் பிறகு, பேட்சில் நடத்திய பாடத்திலிருந்தே ஒன்று கேளுங்கள். x² − 5x + 6 = 0 கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு (x − 2)(x − 3) = 0, அதனால் 2, 3 என்று போட்டுவிடுவான். அந்த அளவுக்கு டிரில் கொடுத்திருப்பார்கள். இப்போது (x − 2)(x − 3) = 2 என்று கொடுங்கள். புரியாமல் பழகிய பிள்ளை x − 2 = 2, x − 3 = 2 என்று எழுதி 4, 5 என்பான். வேடிக்கை என்னவென்றால் 4 தற்செயலாகச் சரி. இரண்டை ஒன்றால் பெருக்கினால் இரண்டு வருகிறதே. 5 தப்பு, மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. உண்மையான இன்னொரு விடை 1. நாலு விடையில் ஒன்றைக் குறிக்கும் தேர்வில் இந்தப் பிள்ளைக்கு முழு மார்க் விழுந்துவிட வாய்ப்பு உண்டு. ஒன்றும் புரியவில்லை என்பது யாருக்கும் தெரியாது. புரிந்த பிள்ளை, வலது பக்கம் பூஜ்ஜியமாக இருந்தால் மட்டும்தான் அப்படித் தனித்தனியாகப் பிரிக்கலாம் என்று சொல்லிவிடுவான், அல்லது கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிப்பான். அந்த யோசனையே நல்ல அறிகுறி.

ஞாயிறு மதியம் பார்த்ததை வைத்து முடிவு எப்படி என்று சொல்கிறேன்.

முதல் நான்கைந்தையும் தடங்கலில்லாமல் போட்டு, இருபடியிலும் “ஏன்” என்று சொல்லத் தெரிந்தால், அவன் பிரச்சினை கணக்கில் இல்லை. புது முறைத் தேர்வு, நெகட்டிவ் மார்க், சுற்றிலும் ஏழாவதில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பேட்சில் முதல் பருவத்தில் மார்க் சரிவது சாதாரணம். இவனை இப்போது வெளியே எடுத்தால் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தப்பான பாடம் படித்துக்கொள்வான். ஆறு வாரம் கெடு வையுங்கள். அந்த ஆறு வாரமும் ரேங்க் பற்றி வீட்டில் பேச்சே கூடாது. ஒவ்வொரு டெஸ்டிலும் தப்பான கணக்குகளை மட்டும் தனி நோட்டில் அவனே திரும்பப் போட வேண்டும். திரும்பப் போடும்போது பாதிக்கு மேல் சரியாக வந்தால் இருக்கட்டும்.

ஆறாவது ஏழாவது கணக்கிலேயே தடுமாறினால் ஆறு வாரமும் வேண்டாம், ஆறு மாதமும் வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தை அடைக்க நேரம் வேண்டும். காலை ஏழரைக்குப் பேருந்து ஏறி, பேட்ச் முடிந்து மாலை ஆறரைக்கு வீடு திரும்பி, பள்ளி ஹோம்வொர்க்கும் பேட்சில் தரும் பயிற்சிப் புத்தகமான மாட்யூலும் முடிக்கும் பிள்ளையிடம் அந்த நேரம் இல்லை. இங்கே பல வீடுகளில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஃபவுண்டேஷன் வகுப்பைச் சமாளிக்க இன்னொரு டியூஷன். ஒரு வகுப்பைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு வகுப்பு தேவைப்பட்டால் அந்த முதல் வகுப்பு உங்கள் பிள்ளைக்கானது இல்லை. நானே டியூஷன் எடுக்கிறவள், இதைச் சொல்வதால் எனக்குத்தான் நஷ்டம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. கணக்கு நன்றாகவே வரும், ஆனால் பிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன விளையாட்டு. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நாலிலக்க எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கியதைக் கழிக்க வேண்டும்: 5432 − 2345 = 3087. அடுத்து 8730 − 0378 = 8352. அடுத்து 8532 − 2358 = 6174. இதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு முறைக்குள் இங்கே வந்து நிற்கும். மகாராஷ்டிரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்டுபிடித்தது இது. வேண்டியது நாலாம் வகுப்புக் கழித்தல் மட்டும். இதைப் பார்த்துவிட்டு “மூணு இலக்கத்துக்கும் இப்படி வருமா?” என்று தானாகவே போட்டுப் பார்த்து 495ஐக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கணக்கில் ஆசை இருக்கிறது, மார்க் எப்படி இருந்தாலும் அந்த ஆசையைக் காப்பாற்றுவது முக்கியம். “சரி, முடிஞ்சுதா, போகட்டுமா?” என்றால் அதிலும் குற்றமில்லை. ஆனால் வாரத்துக்குப் பத்து மணிநேரம் கூடுதல் கணக்கு அவனுக்கு எதற்கு என்று அப்பாவும் அம்மாவும்தான் பதில் சொல்ல வேண்டும்.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இதே 38 மார்க் மகள் வாங்கினால் “பரவாயில்லை விட்டுடும்மா, எதுக்குக் கஷ்டம்” என்றும், மகன் வாங்கினால் “இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுடா” என்றும் சொல்லும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அந்த வெள்ளைத்தாள் சோதனை அவளுக்கும் அதே மாதிரிதான்.

இனி உங்கள் கணவரின் கவலை. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது, சென்னையில் இது நியாயமான கவலைதான். ஆனால் அவர் பயப்படும் இடம் தப்பு. ஐஐடி நுழைவுத்தேர்வான ஜேஇஇயின் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைச் சுற்றித்தான். ஜேஇஇ மெயின் மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள், அதில் 25 கணக்கு. அங்கே வேகம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் அது தெரிந்த கணக்கைத் தடுமாறாமல் போடும் வேகம். எட்டாவதில் பத்தாவது பாடத்தைத் தொட்டுவிட்டு வருவது வேறு வகை வேகம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் இந்த பேட்சுகளை விற்கிறார்கள். −3(x − 5)இல் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கும் பிள்ளைக்கு முதல் வகை வேகம் எப்போதும் வராது. பதினோராவதில் சேரும்போது பின்னம், அல்ஜீப்ரா, விகிதம், வடிவியல் நான்கும் உறுதியாக இருக்கும் பிள்ளை, ஃபவுண்டேஷன் பக்கமே போகாதவனாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் மற்றவர்களைப் பிடித்துவிடுகிறான். அதை வருடாவருடம் பார்க்கிறேன்.

ஐஐடி ஒன்றுதான் கல்லூரி என்பதும் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரி உட்பட, தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் நுழைவுத்தேர்வே கிடையாது. பன்னிரண்டாவது மார்க்கில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்ஆஃப் போடுகிறார்கள். மொத்தத்தில் பாதி கணக்கு. நிதானமாக, படி தவறாமல், முழு விடையும் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே லாபம். ஓஎம்ஆர் டிரில் மட்டுமே பழகிய பிள்ளைகள் பன்னிரண்டாவது பொதுத்தேர்வில் படிகளை எழுதத் திணறுவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். “நார்மல் செக்‌ஷன்னா பத்தாவதுல பேசிக் மேத்ஸ்தானே எழுத வைப்பாங்க?” என்று சிலர் பயப்படுகிறார்கள். சம்பந்தமே இல்லை. 2020 பொதுத்தேர்விலிருந்து சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று கணக்கில் இரண்டு வினாத்தாள் வைத்திருக்கிறது. பாடம் ஒன்றே, புத்தகம் ஒன்றே, கேள்விகளின் கடினம்தான் வேறு. எதை எழுதுவது என்பது மாணவரின் தேர்வு. உங்கள் மகன் எந்த செக்‌ஷனில் இருந்தாலும் ஸ்டாண்டர்டு எழுதலாம், பதினொன்றில் கணக்குப் பிரிவு எடுக்க நினைத்தால் அதைத்தான் எழுத வேண்டும் என்பேன்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பையனின் “கிண்டல் பண்ணுவாங்க”. இதைச் சின்னப் பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். பதிமூன்று வயதில் செக்‌ஷன் என்பது வெறும் வகுப்பறை இல்லை. மதிய சாப்பாடு, பஸ் சீட், வாட்ஸ்அப் குழு எல்லாமே அதுதான். வருட நடுவில், நவம்பரில், ஒரு திங்கட்கிழமை காலையில் பையோடு இன்னொரு வகுப்பில் போய் உட்காரச் சொல்வதுபோல் கொடுமை வேறு இல்லை. முடிந்தவரை அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலோ, அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்திலோ மாற்றுங்கள். அதுவரை பேட்சில் உட்காரட்டும், ஆனால் மாட்யூலை முழுதாக முடிக்க வேண்டியதில்லை என்று ஆசிரியையிடம் பேசி வையுங்கள். ஆசிரியையே மாற்றச் சொல்லியிருப்பதால் இதற்கு ஒத்துக்கொள்வார். சில பள்ளிகளில் செக்‌ஷனை மாற்றாமல் மாலை பேட்சை மட்டும் விட வழி உண்டு. அதை முதலில் கேளுங்கள், பையனின் பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

சொல்லும் விதமும் முக்கியம். “உனக்கு முடியலைன்னு எடுக்கறோம்” என்று அப்பா வாயிலிருந்து வந்துவிட்டால் அதை அவன் பன்னிரண்டாவது வரை தூக்கிக்கொண்டு திரிவான். அந்த வெள்ளைத்தாளை அவன் முன்னால் வைத்து, “இந்த இடம் மட்டும் ஆடுதுப்பா, இதை மூணு மாசத்துல சரி பண்ணிடலாம், அதுக்கு டைம் வேணும்” என்று காட்டுங்கள். பிள்ளைகளுக்குக் குறிப்பாகச் சொன்னால் புரியும். அடைப்புக்குறிக்கு முன்னால் வரும் மைனஸ் என்பது திருத்தக்கூடிய விஷயம். ‘எனக்குக் கணக்கு வராது’ என்பது திருத்தவே முடியாததுபோல் மனதில் உட்கார்ந்துவிடும்.

வயிற்றுவலி பற்றித் தனியாக. சனிக்கிழமை மட்டும் வந்து மதியத்துக்குள் சரியாகிவிட்டால் அது டெஸ்ட் பயம்தான். மற்ற நாட்களிலும் வந்தால், தூக்கம் கெட்டால், விளையாடக் கூப்பிட்டாலும் போகவில்லை என்றால், மேலே சொன்ன எந்தச் சோதனையும் தேவையில்லை. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், பேட்சை நிறுத்திவிட்டு.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். பல பள்ளிகளில் இரண்டு வருடக் கட்டணத்தை முன்பே வாங்கிவிடுகிறார்கள். “கட்டினது கட்டியாச்சு, முடிக்கட்டும்” என்று அதற்காகவே பிள்ளையை விட்டுவைப்பார்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களில், 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகுதான் சேர்க்கை என்று இருக்கிறது. முழுக் கட்டணம் கட்டியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இவை வழிகாட்டுதல்தான், பள்ளிக்குள்ளேயே நடக்கும் பேட்சுக்கு இது பொருந்தும் என்று பள்ளி எளிதில் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் விலகும் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு மீதிப் பணம் கேட்பதில் தப்பில்லை. மாலை வகுப்பை நடத்துவது வெளி நிறுவனம் என்றால் உங்கள் பிடி இன்னும் வலுவானது. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எடுத்த பிறகு மிச்சமாகும் நேரத்தை உடனே வேறு வகுப்பால் நிரப்பிவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் வாரத்தில் நான்கு நாள், அரை மணி நேரம், ஆறு ஏழாம் வகுப்புக் கணக்கு போதும். அதிலும் அவன் தடுமாறும் இடங்கள் மட்டும். பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் நாலாவது நாளே நிறுத்திவிடுவான்.

அது சரியான பிறகு, ஆசை இருந்தால், வேகமில்லாத கணக்குக்கு இந்த ஊரில் இடம் இருக்கிறது. இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் 1965இல் தொடங்கியது, திருவல்லிக்கேணியில்தான் அலுவலகம். அவர்கள் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியில் ஏழு, எட்டாம் வகுப்புக்கான பிரிவுக்கே காப்ரேகர் பெயர்தான். அதன் பழைய வினாத்தாளில் ஒரு கணக்கோடு ஒரு வாரம் மல்லுக்கட்டலாம், பத்தாம் வகுப்புப் பாடம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதேபோல் ராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1993இல் அது உருவாகக் காரணமாக இருந்த கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், பிள்ளைகள் தாமே தேடிக் கண்டுபிடிக்கும் கணக்கைத்தான் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டிக்குப் பெரும்பாலும் பள்ளி வழியாகத்தான் பதிவு செய்கிறார்கள். ஆசிரியையிடம் செக்‌ஷன் மாற்றம் பற்றிப் பேசப் போகும்போது, நார்மல் செக்‌ஷன் பிள்ளைகளையும் அதற்கு அனுப்புவார்களா என்று சேர்த்தே கேட்டுவிடுங்கள். பல பள்ளிகளில் ஃபவுண்டேஷன் பேட்சுக்கு மட்டும்தான் அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு விதி போட்டியில் கிடையாது.